பிள்ளைப்பேற்றுக்குக் கட்டி வைக்கும் பை

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் நமது விவசாயக் குடும்பங்கள் பல. சிலர் போர்க் காலத்தில் வந்து, திரும்பிப் போகக் காணி இல்லாமல் இங்கேயே தங்கிவிட்டவர்கள். சிலருடைய கணவன்மாருக்குக் கடைகளிலும் கட்டட வேலைகளிலும் இங்கே பிழைப்பு. இன்னுஞ் சிலர், இருதய நோய் அல்லது இரத்த அழுத்தம் காரணமாகக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மூதூர்ப் பக்கத்து வைத்தியர்களால் கொழும்புப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டு, உறவினர் வீட்டிலோ லொட்ஜிலோ நாளைப் பார்த்துக் காத்திருக்கும் கர்ப்பிணித் தாய்மார். இந்த மூன்று வகையினருக்கும் பொதுவான ஒரு சிறு காரியத்தை இப்பாடத்தில் எடுத்துக்கொள்கிறோம். அது பிரசவத்துக்கு வைத்தியசாலைக்குப் போகும்போது எடுத்துச் செல்லும் பை.

ஒரு பையைப் பற்றி ஒரு முழுப் பாடமா என்று சிலர் கேட்கக்கூடும். ஊரில் இருந்த காலத்தில் இதற்குப் பாடம் வேண்டியிருக்கவில்லை. வீடே பையாக இருந்தது. தோய்த்துத் தோய்த்து மெதுவான பழைய வேட்டி எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது என்று மாமிக்குத் தெரியும். சரக்கு இடிப்பதற்கு அயல்வீட்டு ஆச்சி இருந்தார். மூத்த பிள்ளையைப் பார்க்கச் சின்னம்மா, மாட்டைப் பார்க்கத் தம்பி, வாகனம் பிடிக்கச் சந்தியிலே தெரிந்த ஒருவர். இடப்பெயர்வு நம்மிடமிருந்து பறித்தது காணியையும் கிணற்றையும் மட்டுமல்ல. இந்தக் கைகளையும் பறித்தது. நாலாம் மாடி அறையில் நள்ளிரவில் வலி எடுக்கும் பெண்ணுக்குப் பக்கத்து அறைக்காரரின் பெயர்கூடத் தெரியாமல் இருக்கலாம். ஊரில் ஒரு வீடு முழுவதும் சேர்ந்து செய்ததை இங்கே ஒரு பை செய்ய வேண்டியிருக்கிறது. அதனால்தான் அதை நேரகாலத்தோடு, யோசித்துக் கட்ட வேண்டும்.

எப்போது கட்டுவது? எட்டாம் மாதம் தொடங்கும்போதே, அதாவது 32ஆம் கிழமையளவில் கட்டி முடித்துவிடுவது நல்லது. கிளினிக் அட்டையில் எழுதியிருக்கும் திகதி ஒரு மதிப்பீடு மாத்திரமே. அந்தத் திகதியன்றே பிறக்கும் பிள்ளைகள் மிகச் சிலர். 37 கிழமை கழிந்தால் எந்த நாளும் பிரசவ நாளாகலாம். சிலருக்கு அதற்கும் முந்தும். "இன்னும் ஒரு மாதம் கிடக்கு" என்ற கணக்கை நம்பி இருக்கக் கூடாது.

முதலில் பத்திரங்கள்

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் பத்திரப் பையைப் பற்றி நாம் கற்பிக்கத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி மழையில் நடந்த சனத்தில், சட்டிபானையை விட்டுவிட்டு வந்தவர்களும் காணி உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்கள். அந்தப் பழக்கம் இப்போதும் உதவும். ஆனால் பிரசவத்துக்கு வேண்டிய பத்திரங்கள் வேறு.

எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டியது கர்ப்பகாலப் பதிவேட்டு அட்டை. எச் 512 ஏ என்று அதன் மூலையில் அச்சிட்டிருக்கும். தாயின் இரத்த வகை, இரத்த அழுத்தம், நிறை, இரத்தத்தின் அளவு, ஏற்புத் தடுப்பூசி போட்ட திகதி, முந்திய பிரசவங்களின் விவரம் எல்லாம் அதில் இருக்கின்றன. முன்பின் தெரியாத வைத்தியர் ஒருவர் நள்ளிரவில் அந்த அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் இத்தாய்க்கு எது ஆபத்து என்று அறிந்துகொள்வார். அட்டையில்லாமல் போகும் தாய்க்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். இரத்த வகை நெகற்றிவ் என்றால் அதை அட்டையின் வெளிப்பக்கத்தில் சிவப்புப் பேனையால் பெரிதாக எழுதிக் கொள்ளுங்கள். அத்தகைய தாய்க்குப் பொசிற்றிவ் வகைப் பிள்ளை பிறந்தால், 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டிய ஊசி ஒன்று உண்டு. அடுத்த பிள்ளையின் உயிரைக் காப்பது அந்த ஊசி.

இவ்வட்டை கிடைப்பதற்குக் கிளினிக்கில் பதிந்திருக்க வேண்டும். இங்கேதான் நமது குடும்பங்கள் தயங்குகின்றன. "நாங்கள் முல்லைத்தீவு ஆக்கள், எங்கட பதிவு அங்கே" என்று சொல்லி இருந்துவிடுகிறார்கள். நிரந்தர முகவரி எங்கே இருந்தாலும், இப்போது தங்கியிருக்கும் இடத்துக்குரிய மருத்துவமாதிடம் போய்ப் பதிய வேண்டும். கொழும்பு நகரத்துக்குள் மாநகரசபை நடத்தும் தாய் சேய் கிளினிக்குகள் இருக்கின்றன. அங்கே செலவு ஒன்றுமில்லை. ஊரில் ஏற்கெனவே பதிந்த அட்டை இருந்தால் அதையும் கொண்டு போங்கள்.

இந்த மருத்துவமாது முறையைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியபின் சிறிது சிறிதாக நாடெங்கும் பரவிய ஏற்பாடு இது. 1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் ஓர் இலட்சம் பிரசவங்களுக்கு 1,500க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது 30 அளவுக்கு இறங்கியிருக்கிறது. நம்மைவிடப் பணக்கார நாடுகள் சில இன்னும் இந்த நிலைக்கு வரவில்லை. இதற்குப் பெரிய கட்டடங்கள் மட்டும் காரணமல்ல. குடையும் பையுமாக ஒழுங்கை ஒழுங்கையாக நடந்த மருத்துவமாதுகளும் காரணம்.

அட்டையோடு ஸ்கான் ரிப்போட்டுகள், இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், வேறு நோய்க்கு மருந்து எடுத்தால் அந்தக் கிளினிக் புத்தகம், தாயினதும் தகப்பனினதும் அடையாள அட்டைகள், விவாகப் பதிவுப் பத்திரத்தின் பிரதி என்பவற்றையும் சேருங்கள். எல்லாவற்றிலும் ஒரு பிரதி எடுத்து அறையிலே வேறாக வைத்திருங்கள்.

அடையாள அட்டையைப் பற்றி ஒரு சொல். 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக் கிழக்குக்கு அனுப்பப்பட்டார்கள். வைத்தியத்துக்கென்று வந்து தங்கியிருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அக்காலத்தில் ஏன் கொழும்பில் இருக்கிறீர் என்ற கேள்விக்குக் கிளினிக் அட்டைதான் பல தாய்மாரிடம் இருந்த ஒரே விடை. போர் முடிந்து இத்தனை ஆண்டுகளாகியும், லொட்ஜ் வாசலில் யாராவது பெயர் கேட்டால் நெஞ்சு படபடக்கும் பெண்களை நாம் காண்கிறோம். அந்தப் பயத்தினால் கிளினிக்குக்குப் போகாமல் இருப்பவர்களும் உண்டு. மருத்துவமாதிடம் பதிவது பொலிஸ் பதிவு அல்ல என்பதை அவர்களுக்கு விளங்கப்படுத்துவது நம் எல்லோருடைய கடமை.

பெயரும் 42 நாளும்

பத்திரக் கட்டுக்குள் ஒரு வெள்ளைத் தாளும் இருக்கட்டும். அதில் தாயின் முழுப்பெயர், தகப்பனின் முழுப்பெயர், இருவரும் பிறந்த திகதி, பிறந்த இடம் என்பவற்றை அடையாள அட்டையிலும் பிறப்புப் பத்திரத்திலும் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். தமிழிலும் எழுதுங்கள், ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள். முடிந்தால் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு சிங்களத்திலும் எழுதுவியுங்கள்.

இது ஏன் என்றால், தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டுச் சிங்களத்தில் எழுதி, பிறகு அதிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும்போது பெயர் வேறு பெயராகிவிடுகிறது. பிள்ளை பள்ளிக்கூடம் சேரும்போதும், அடையாள அட்டை எடுக்கும்போதும், காணி உரித்துக்கு வழக்குப் பேசும்போதும் அந்த ஓர் எழுத்து வந்து குறுக்கே நிற்கும். வலியோடும் களைப்போடும் இருக்கும் தாயோ, பதற்றத்தில் இருக்கும் தகப்பனோ எழுத்துக்கூட்டிச் சொல்வதைவிட, எழுதிய தாளை நீட்டுவது மேல். பதிவதற்கு முன் எழுதியதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்நாட்டுச் சட்டப்படி பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். அந்தக் காலத்துக்குள் பதிந்தால் செலவு இல்லை. மூன்று மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவாகி, சத்தியக் கூற்று, சாட்சி என்று வேலை கூடும். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, பிறப்பு நிகழ்ந்த இடத்துக்குரிய பதிவாளரிடமே பதிய வேண்டும் என்பது. குடியிருக்கும் ஊரில் அல்ல. பொரளைப் பக்கத்து வைத்தியசாலையில் பிறந்த பிள்ளையைப் புதுக்குடியிருப்பில் போய்ப் பதிய முடியாது. பெரிய வைத்தியசாலைகளில் பதிவாளர் அங்கேயே இருப்பார். ஆகவே ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னரே இந்தக் காரியத்தை முடித்துவிட வேண்டும். இதைத் தெரியாமல் பத்தாம் நாளே ஊருக்குப் போய், பிறகு இதற்கென்றே இரண்டு தடவை கொழும்புக்கு வந்து போய், அறுவடைக் கூலியைப் பஸ்ஸுக்குக் கொடுத்த குடும்பங்கள் உண்டு.

துடக்குக் கழிந்து முப்பத்தோராம் நாளில்தான் பெயர் வைப்போம், நட்சத்திர எழுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் அவ்வழக்கத்தை விட வேண்டியதில்லை. முப்பத்தொன்று கழிந்தும் பதினொரு நாள் மிச்சம் இருக்கிறது. ஆனால் அதுவரைக்கும் கொழும்பிலே தங்க வசதி உண்டா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எழுத்தை முன்பே பார்த்துப் பெயரைத் தீர்மானித்து வைப்பதே புத்தி.

வார்ட்டில் பேசுவதற்கு ஒரு தாள்

கொழும்பு வைத்தியசாலைகளில் தாதிமார் பலர் பரிவுள்ளவர்கள். தடை மனத்தில் அல்ல, மொழியில். வன்னியிலிருந்து வரும் தாய், தனக்கு இரத்தம் போகிறது என்று சொல்லத் தெரியாமல், அடுத்த கட்டிலில் தமிழ் தெரிந்த பெண் கண் விழிக்கும்வரை காத்திருக்கிறாள். பிரசவத்தின்போது இரத்தம் காத்திருப்பதில்லை.

ஆகவே சில வசனங்களைப் பாடமாக்கிக் கொள்ளுங்கள். இரத்தம் போகிறது என்பதற்கு "லே யனவா". பன்னீர்க்குடம் உடைந்து தண்ணீர் போய்விட்டது என்பதற்கு "வத்துர கியா". வயிறு நோகிறது என்றால் "பட ரிதெனவா". தலை நோகிறது என்றால் "ஒளுவ ரிதெனவா". பிள்ளை துடிக்கவில்லை என்பதற்கு "பபா தங்கலன்னே நே". சிங்களம் தெரியாது, தமிழ் மட்டுமே என்பதற்கு "சிங்ஹல பே, தெமள விதரய்". தாதியை "மிஸ்" என்று கூப்பிட்டால் போதும். இதே வசனங்களை ஒரு தாளில் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் சிங்கள எழுத்திலும் எழுதுவித்துப் பையில் வைத்தால், வாய் திறக்க முடியாத நேரத்தில் விரலால் தொட்டுக் காட்டலாம்.

தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. சிங்களத்தில் நிருவாகம் நடக்கும் பிரதேசத்திலும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும், பதிவேடுகளின் பிரதியைத் தமிழில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. அதைக் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் வலி எடுத்த இரவில் உறுப்புரையைப் பேசிக்கொண்டிருக்க முடியாது. அப்போது தாளே உதவும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மேலை வைத்தியத்தைக் கற்பித்து, பிரசவ வைத்தியத்துக்கும் தமிழில் நூல் வெளியிட்டார். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் ஒரு தமிழ்த் தாய் தன் நோவைத் தன் மொழியில் சொல்ல இடமில்லாமல் தவிக்கிறாள் என்பது நம்மை யோசிக்க வைக்க வேண்டிய விஷயம்.

துணிமணிகள்

இனிப் பைக்குள் வருவோம். ஒரு பெரிய சூட்கேஸ் வேண்டாம். வார்ட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அலுமாரி மாத்திரம் இருக்கும். சில நேரம் அதுவும் இருவருக்குப் பொதுவாக இருக்கும். இரண்டு பைகளாகக் கட்டுங்கள். சின்னப் பை பிரசவ அறைக்கு. மற்றது பிரசவத்தின் பின் வார்ட்டுக்கு.

சின்னப் பையில், பிள்ளையைத் துடைக்கவும் சுற்றவும் மெதுவான பருத்தித் துணிகள் நாலைந்து, பிள்ளைக்கு ஒரு சட்டை, ஒரு தொப்பி, காலுறை, தாய்க்கு மாற்றுடுப்பு ஒன்று, பாட் ஒரு பக்கற், ஒரு போத்தல் தண்ணீர். அவ்வளவுதான். பிள்ளைத் துணிகளைத் தனிப் பொலித்தீனில் சுற்றி வைத்தால், தாதி கேட்டவுடன் கிண்டாமல் எடுத்துக் கொடுக்கலாம். பிறந்த பிள்ளையின் உடம்பு ஈரமாக இருக்கும். உடனே துடைத்துக் காய்ந்த துணியால் சுற்றாவிட்டால் சில நிமிடத்திலேயே சூடு இறங்கிவிடும். கொழும்பு வெக்கையான ஊர்தானே என்று நினைக்கக் கூடாது. தொப்பி அதனால்தான் வேண்டும். தலை வழியே சூடு அதிகம் போகிறது.

பெரிய பையில் முன்பக்கம் திறக்கும் கவுன் அல்லது நைட்டி மூன்று, உள்ளுடுப்புகள், சீத்தைத் துணி இரண்டு, பெட்சீற் ஒன்று, துவாய் இரண்டு, பாட் அல்லது கொதிநீரில் அவித்துக் காயவைத்த துணித் துண்டுகள், செருப்பு, சீப்பு, பற்பசை, தூரிகை, கோப்பை, கரண்டி, சுடுதண்ணீர் பிளாஸ்க். பிள்ளைக்குச் சட்டைகள் ஆறு, சதுரத் துணிகள் ஒரு டசினுக்கு மேல், ஒரு சிறிய றப்பர் சீற். வைத்தியசாலைக்கு வைத்தியசாலை வழக்கம் சற்று மாறும். ஆகவே கடைசிக் கிளினிக் நாளில் என்னென்ன கொண்டு வர வேண்டும் என்று தாதியிடம் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

புதுத்துணி வாங்கக் கடன்பட வேண்டாம். பிள்ளையின் தோலுக்குப் புதுத்துணியின் கஞ்சிப்பசையைவிடப் பழைய வேட்டியின் மென்மையே ஏற்றது. பழைய துணியைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து, கொதிக்க வைத்து, நல்ல வெய்யிலில் காயவைத்து, மடித்துப் பொதிந்து விடுங்கள். லொட்ஜ் அறையில் வெய்யில் கிடைக்காது என்பார்கள். மொட்டை மாடிக்கு ஒரு மணித்தியாலம் விடச்சொல்லிக் கேட்டால் மறுப்பவர் குறைவு.

சவர்க்காரத்தைப் பையின் மேற்பக்கத்தில் வையுங்கள். கிறீன் வைத்தியர் யாழ்ப்பாணம் வந்த அதே 1847இல், வியன்னா நகரத்தில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிரசவம் பார்ப்பவர்கள் குளோரின் கலந்த நீரில் கைகழுவியதால் மாத்திரமே தாய்மாரின் சாவு மளமளவென்று குறைந்ததைக் கண்டார். அவருடைய சொல்லை அக்கால வைத்தியர் பலர் ஏற்கவில்லை. நமக்கு அதை நம்புவது கடினமல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரத்துக்குத் தவித்து, பனம்பழத்தைப் பிசைந்து துணி தோய்த்த தலைமுறை நம்முடையது. பிள்ளையைத் தூக்க வரும் உறவினரும் முதலில் கைகழுவட்டும்.

பின்லாந்து நாட்டில் 1938 தொடக்கம், வசதி குறைந்த தாய்மாருக்கு அரசாங்கமே பிள்ளைத்துணிகள் நிரம்பிய ஒரு பெட்டியைக் கொடுத்து வருகிறது. 1949இல் அது எல்லாத் தாய்மாருக்கும் என்றாயிற்று. ஒரே நிபந்தனை, தாய் குறித்த காலத்துக்குள் வைத்தியரிடமோ கிளினிக்கிலோ தன்னைக் காட்டியிருக்க வேண்டும். பெட்டிக்காக வந்தவர்கள் பரிசோதனையையும் பெற்றுக்கொண்டார்கள். வெறும் அட்டைப் பெட்டி பல பிள்ளைகளுக்கு முதல் தொட்டிலாகவும் இருந்தது. நமது மாதர் சங்கங்கள் இதிலிருந்து ஏதாவது எடுத்துக்கொள்ளலாம் என்பது நமது எண்ணம். அதைக் கடைசியில் சொல்கிறோம்.

கொண்டு போகக் கூடாதவை

சூப்பிப் போத்தலையும் பால்மாவையும் பையில் வைக்காதீர்கள். "பால் சுரக்காவிட்டால்?" என்ற பயத்தில் பெரியவர்கள் இதை வாங்கி வைப்பதுண்டு. மாடு வளர்த்த நமக்கு ஒரு விஷயம் தெரியும். கன்று போட்ட மாட்டின் கடும்பைக் கன்றுக்கு ஊட்டாமல் விட்டால் அந்தக் கன்று தேறாது. கழிச்சல் வந்து வாடும். கன்று குடித்து மிஞ்சியதைத்தான் நாம் காய்ச்சுவோம். தாயின் மார்பில் முதல் இரண்டு மூன்று நாள் ஊறும் மஞ்சள் நிறமான சிறிதளவு பாலும் அதே கடும்புதான். அதைப் பழுதான பால் என்று பீய்ச்சி எறிவது, கன்றுக்கு நாம் ஒருபோதும் செய்யாத காரியத்தைப் பிள்ளைக்குச் செய்வதாகும். பிறந்த முதல் மணித்தியாலத்துக்குள் பிள்ளையை மார்பில் விடவேண்டும். அந்நேரம் பிள்ளையின் வயிறு கொள்ளுவது சில கரண்டி மாத்திரமே. அதற்குக் கடும்பு தாராளம். தேன், கற்கண்டுத் தண்ணீர், சர்க்கரை ஒன்றும் நாக்கில் தடவ வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தேன் ஆபத்தானது என்று வைத்தியர்கள் இன்று தெளிவாகச் சொல்கிறார்கள். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும்.

நகை அடுத்தது. தாலிக்கொடியைக் கழற்றுவதா என்று வார்ட் வாசலில் மாமியாருக்கும் தாதிக்கும் வாக்குவாதம் நடப்பதுண்டு. சத்திரசிகிச்சை என்றால் உடம்பில் உலோகம் இருக்க விடமாட்டார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. அவசரத்தில் கழற்றிய கொடி எங்கே போனது என்று பிறகு தேடுவதைவிட, வீட்டிலேயே கழற்றி நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு போவது மரியாதைக்கும் குறைவல்ல. இடப்பெயர்வில் மிஞ்சிய ஒரே சேமிப்பு அந்தக் கொடிதான் என்ற குடும்பங்கள் இதை இருமுறை யோசிக்கட்டும்.

பெருந்தொகைப் பணமும் வேண்டாம். அரச வைத்தியசாலையில் பிரசவத்துக்கும் சத்திரசிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. இரத்தம் தேவைப்பட்டாலும் தொண்டர்கள் கொடுத்ததையே இரத்த வங்கி தருகிறது. விலை பேசுவோரை நம்ப வேண்டாம். ஓட்டோவுக்கும் தேத்தண்ணிக்கும் சில்லறைத் தாள்கள் போதும். தனியார் வைத்தியசாலைக்குப் போனால்தான் கௌரவம் என்று உழவு இயந்திரத்தை ஈடுவைத்தவர்களை நாம் அறிவோம். சுகமான, சிக்கலில்லாத பிரசவத்துக்கு அது தேவையா என்று குடும்பமாக இருந்து பேசுங்கள்.

எங்கே, எப்படிப் போவது

வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் களுபோவிலையில் உள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை கிட்ட. கொட்டாஞ்சேனையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பொரளைப் பக்கம் போக வேண்டும். அங்கே காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும், 1879இல் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையினால் தொடங்கிய டி சொய்சா மகளிர் வைத்தியசாலையும் இருக்கின்றன. எந்த வைத்தியசாலைக் கிளினிக்கில் பதிந்தீர்களோ அங்கே போவதே முறை. ஆனால் பிரசவம் மிக நெருங்கிவிட்டால் எது கிட்டவோ அங்கே போங்கள்.

ஒருமுறை பகலில் கணவனும் மனைவியும் சேர்ந்து போய், பிரசவத்துக்கு வருபவர்கள் எந்த வாசலால் நுழைவது என்று பார்த்து வாருங்கள். காலி வீதியில் காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் ஓட்டோ நகராது. எந்தக் குறுக்கு வீதியால் போகலாம் என்று ஓட்டோக்காரரிடமே கேட்டு வையுங்கள். லொட்ஜில் இருப்பவர்கள் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். இரவில் வாசல் கேற்றைப் பூட்டுவார்கள். சாவி யாரிடம், அவர் எங்கே படுக்கிறார்? இதைக் கேட்காமல், விடியப்புறம் இரண்டு மணிக்கு வலியோடு கேற்றைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

வாகனம் கிடைக்காவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இப்போது எல்லா மாகாணங்களிலும் உண்டு. அதற்குப் பணம் இல்லை. வீதியின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள், பதற்றத்தில் நாக்குப் புரளாது. போனில் இருக்கும் முக்கியமான இலக்கங்களையும் தாளில் எழுதுங்கள். பட்டரி இறங்கினால் தாள் இருக்கும்.

நோவு ஒழுங்காக, இடைவெளி குறைந்து குறைந்து வரும்போது புறப்படலாம். ஆனால் சிலவற்றுக்கு நோவைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. இரத்தம் போவது, தண்ணீர் உடைவது, கடுந்தலையிடி, கண் மங்குவது, வலிப்பு, காய்ச்சல், பிள்ளையின் துடிப்பு வழமையிலும் குறைவது, இவற்றில் ஒன்று கண்டாலும் அந்த நிமிடமே போக வேண்டும். பை கட்டவில்லை என்றால் பையை விட்டுவிட்டு அட்டையோடு போங்கள்.

ஊரிலிருந்து வருபவர்கள் கடைசிக் கிழமைகளில் இரவு பஸ்ஸில் எட்டுப் பத்து மணித்தியாலம் ஒரே இருப்பாக இருந்து வருவது நல்லதல்ல. எப்போது புறப்படலாம் என்று வைத்தியரைக் கேட்டு, முந்தி வாருங்கள். வழியில் பஸ் நிற்கும் இடங்களில் இறங்கி நடந்து, தண்ணீர் குடியுங்கள். அட்டை கைப்பையில் இருக்கட்டும். பஸ்ஸின் பின்பெட்டியில் போட வேண்டாம்.

பிள்ளையோடு அறைக்கு வந்தபின் முதல் பத்து நாளுக்குள் மருத்துவமாது வீடு தேடி வருவார். வைத்தியசாலையிலிருந்து எந்த முகவரிக்குப் போகிறீர்கள் என்பதைச் சரியாகக் கொடுத்தால்தான் அவர் வர முடியும். பத்தியம் என்று சொல்லித் தண்ணீரைக் குறைக்காதீர்கள். பாலூட்டும் தாய்க்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். சரக்குக் கறி உண்ணலாம். அதோடு மீனும் முட்டையும் கீரையும் உண்ணட்டும்.

குழுவாகப் பேசுவதற்கு

மாதர் சங்கக் கூட்டத்தில் இப்பாடத்தை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கீழ்க்கண்டவற்றைப் பேசலாம். ஆண்களையும் அழையுங்கள். பையில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாத கணவன் வார்ட் வாசலில் நின்று என்ன செய்வான்?

நமது பகுதியில் வரும் ஆறு மாதத்தில் பிள்ளைப்பேறு உள்ள குடும்பங்கள் எவை? அவர்களில் கிளினிக்கில் பதியாதவர்கள் யார்? ஏன் பதியவில்லை?

பிரசவம் காலபோக அறுவடை நேரத்தில், மாசி பங்குனியில் வந்தால், கணவன் ஊரில் வயலில் நிற்பான். அப்போது அந்தத் தாயோடு இரவில் யார் படுப்பது? மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது? பெயரைச் சொல்லித் தீர்மானியுங்கள்.

சங்கத்தில் இரண்டு பொதுப் பைகள் வைத்திருக்க முடியுமா? பிளாஸ்க், பெட்சீற், றப்பர் சீற், கவுன்கள், பிள்ளைச் சட்டைகள் என்பன ஒரு தாய் பாவித்ததும் அவித்துத் தோய்த்து அடுத்த தாய்க்குப் போகலாம். கிளினிக் அட்டையைக் காட்டுபவருக்கே பை என்று ஒரு விதி வைக்கலாமா? பையைப் பொறுப்பேற்று வைத்திருப்பவர் யார், திருப்பித் தரப் பிந்தினால் என்ன செய்வது?

சிங்களத்தில் அந்தத் தாளை எழுதித் தரக்கூடியவர் நம் ஒழுங்கையில் யார்? அடுத்த ஞாயிறுக்கு முன் அவரிடம் போய் இருபது பிரதி எழுதுவிப்பது யார் பொறுப்பு?